காசு கட்டி நடக்கப் போற மாப்ளைக்கு

மாப்ள, சேதி கிள்ளானுக்கு வந்து சேந்துடுச்சு. நீயும் ஒன் பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டாளிங்களும் ஆடி மாசம் இலங்கைக்குப் போறீங்களாம். உகந்தையில ஆரம்பிச்சு கதிர்காமம் வரைக்கும், கடலோரமும் காடுமா, நாள் கணக்கா நடக்கப் போறீங்களாம். கூட ஒரு வழிகாட்டி, எல்லாருக்கும் ஒரே நெறத்துல சட்டை, அதுக்கு ஆளுக்கு இத்தன வெள்ளின்னு கட்டணம். ஒங்கம்மா, அதான் என் தங்கச்சி, போன் போட்டு அழுதா. "அண்ணே, இவன் ஸ்காட் ரோட்டு கந்தசாமி கோயிலுக்கே கிரேப் காரு கூப்புட்டுப் போறவன். யானைக் காட்டுல எப்புடி நடப்பான்?" நான் சொன்னேன், "கவலப்படாத தாயி, யானைக்கும் பொழுது போகணும்ல."

தாய்மாமன்னு ஒருத்தன் இருந்தா, கேக்காமலே புத்தி சொல்ற உரிமை அவனுக்கு உண்டு. அதக் காதுல வாங்காம இருக்குற உரிமை மருமகனுக்கு உண்டு. ரெண்டு பேரும் அவங்கவங்க உரிமையக் காப்பாத்திக்குவோம்.

மொதல்ல, இந்தப் பாதைய நீங்க கண்டுபிடிச்ச மாதிரி பேசிக்கிட்டுத் திரியாத. யாழ்ப்பாணத்துல தொண்டைமானாறு செல்வச் சந்நிதி முருகன் கோயில்ல கெளம்பி, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில்னு கெழக்குக் கடலோரமாவே எறங்கி உகந்தைக்கு வந்து, அங்கேர்ந்து குமண, யால காட்டு வழியாக் கதிர்காமம் போற பாதயாத்திரை இது. தலமுற தலமுறையா நடக்குது. முழுசா நடக்குறவங்களுக்கு ஒன்றரை மாசம் பக்கமா ஆகும். சண்ட நடந்த வருசங்கள்ல வடக்குப் பாதை அறுந்து கெடந்துச்சு. இப்ப மறுபடியும் சனம் ஆயிரம் ஆயிரமா நடக்குது. நீங்க நடக்கப் போறது அதுல கடைசித் துண்டு, அஞ்சாறு நாள். நீ கிரேப்புல போய் எறங்குற ஸ்காட் ரோட்டுக் கோயிலக் கட்டுனவங்களே ரயில்வே வேலைக்கும் கிராணி வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத்து ஆளுங்கதான். அந்த வாசல்ல பூத்தொடுக்குற ஆச்சி யாரையாவது கேட்டுப் பாரு. ஒங்க கம்பெனி நோட்டீஸ்ல இருக்கறதவிட நெறைய சொல்லும். அதுக்குக் கட்டணமும் கெடையாது.

வெள்ளக்காரன் மட்டும் என்ன, சும்மாவா இருக்கான்? இங்கிலாந்துல தென்மேற்குக் கடலோரமா மைன்ஹெட்லேர்ந்து பூல் வரைக்கும் 1,014 கிலோமீட்டர் நடைபாதை வச்சிருக்கான். அது எதுக்கு வந்த பாதைன்னு தெரியுமா? கள்ளச் சரக்கு எறக்குறவனப் பிடிக்க, கடலோரக் காவக்காரன் ஒவ்வொரு குடாவையும் எட்டி எட்டிப் பாத்து நடந்து நடந்து உண்டான தடம். அவன் திருடனப் பிடிக்க நடந்தான், நம்ம ஆளு முருகனப் பிடிக்க நடந்தான். நீ எதப் பிடிக்க நடக்கப் போறேன்னு எனக்குத் தெரியும். சிக்னல்.

சரி, மூட்டைக்கு வருவோம். பை அம்பது லிட்டரா அறுபது லிட்டரான்னு உங்களுக்குள்ள சண்டையாமே. எனக்கென்ன, அறுபதே எடுத்துக்க மாப்ள. பவர் பேங்க் மூணு எடுத்துக்க. காப்பி அரைக்குற மிசினு எடுத்துக்க. ராத்திரிக்கு ஒரு சட்டை, காலையில படம் எடுக்க ஒரு சட்டை, வேர்வைக்கு ஒண்ணு, வேர்வை காஞ்ச பெறகு ஒண்ணு. முதல் நாள் மத்தியானத்துக்குள்ள எது எது வேணாம்னு ஒன் தோளே ஒனக்குச் சொல்லிடும். சொன்னாலும் தூக்கிப் போட முடியாது, அது மிருகக் காடு. நீ வீசுற பிளாஸ்டிக்க யானை எடுத்துத் தின்னும். ஆக, தூக்கிட்டுப் போனத தூக்கிட்டுத்தான் வரணும்.

சண்ட ஓஞ்ச பெறகு நானும் என் சகலையும் அங்க போனோம்ல, அதான் ரயில்வேயில இருந்தாரே, யாழ்ப்பாணத்துக்காரரு. உகந்தைக் கோயில் கடற்கரைப் பாறைக்குப் பக்கத்துலயே இருக்கு. முருகன் வந்து எறங்குன ஓடம் கல்லாக் கெடக்குதுன்னு கரையில காட்டுவாங்க. அங்க ராத்திரி எங்க பக்கத்துல மட்டக்களப்பு ஆச்சி ஒண்ணு மூட்டையப் பிரிச்சுச்சு. மூட்டைன்னா, பழைய துப்பட்டி ஒண்ணு, நாலு முனையும் சேத்து முடிஞ்சது. உள்ள மாத்துச் சேலை ஒண்ணு, துவாய் ஒண்ணு, நசுங்குன அலுமினியக் குவளை, திருநீத்துப் பை, வெத்தல பாக்கு, கோடாலித் தைலம் சின்ன போத்தல், பனடோல் அட்டையில பாதி. அவ்வளவுதான். காலுல செருப்புக்கூட இல்ல. குவளையில கஞ்சி வாங்கிக் குடிச்சுச்சு, அதையே கழுவி தேத்தண்ணி வாங்குச்சு, அதையே தலமாட்டுல கவுத்து வச்சுட்டுப் படுத்துடுச்சு. எங்களுக்கு அந்தப் பக்கம் கொழும்புலேர்ந்து வந்த பையனுங்க ரெண்டு பேரு, பைக்குள்ள டார்ச்ச தேடுறதுக்கு இன்னொரு டார்ச்ச தேடிக்கிட்டு இருந்தானுங்க. நான் தூங்கி எந்திரிச்சப்பவும் தேடிக்கிட்டுத்தான் இருந்தானுங்க.

அடுத்து சப்பாத்து. நானூறு வெள்ளி குடுத்து வாங்கியிருக்கியாம், பெட்டியவே இன்னும் பிரிக்கலியாம். ரொம்ப நல்லது. விமானம் ஏறுற அன்னைக்குப் பிரி. புதுச் சப்பாத்துக்கும் பழைய தோலுக்கும் நடக்குற சண்டையில யாரு ஜெயிப்பாங்கன்னு ரெண்டாம் நாள் காலையில ஒன் குதிகால் சொல்லும். ஒங்க அப்பத்தா காப்பார் பக்கம் தோட்டத்துல கித்தா மரம் வெட்டுனப்ப போட்டிருந்தது கறுப்பு ரப்பர் சப்பாத்து. இன்னைக்கும் மளிகைக் கடையில கட்டித் தொங்குது. 'அடிடாஸ் கம்போங்'னு மலாய்க்காரங்க கிண்டலா கூப்புடுறது அதத்தான். பத்துப் பன்னெண்டு வெள்ளிதான். நம்ம நாட்டுல மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற வழிகாட்டிங்க காலப் பாரு, பாதிப் பேரு அதத்தான் மாட்டியிருப்பாங்க. தண்ணி பூந்தாக் கவுத்தா போதும், ஊத்திடும். எதப் போட்டாலும் சரி, ஒரு மாசத்துக்கு முன்னாலயே போட்டுக்கிட்டு ஜாலான் துன் சம்பந்தன்ல நட. நாலு பேரு சிரிப்பாங்க, சிரிச்சிட்டுப் போறாங்க. அதுக்குள்ள காலுக்குப் பழகிடும்.

பழக்கம்னு சொன்னதும் ஞாபகம் வருது. நீ பத்துமலைப் படி 272-ஐயும் ஒரே மூச்சுல ஏறி, அத வீடியோவும் எடுத்துப் போட்டிருந்தே. சந்தோசம். ஆனா படி ஏறுறது மூச்சுக்கு வேல. நாள் பூரா நடக்குறது பொறுமைக்கு வேல. தைப்பூசத்த ஒட்டி ராத்திரியில ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயில்லேர்ந்து வெள்ளி ரதம் கெளம்பி பத்துமலைக்குப் போகுதே, பதினஞ்சு கிலோமீட்டர் பக்கம், அது பின்னால ரதத்தோட வேகத்துக்கே நடந்து பாரு. ரதம் நின்னா நிக்கணும், அர்ச்சனை முடியுற வரைக்கும் காத்திருக்கணும். விடிய விடிய அப்புடி நடக்க முடிஞ்சவன் எந்தக் கடலோரத்துலயும் நடப்பான். வேகமா நடக்குறது யாருக்கும் வரும். அடுத்தவன் வேகத்துக்கு நடக்குறதுதான் வராது.

கடலோரம் பழகணும்னா போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் போ. சுத்தி நெகிரி செம்பிலான், அந்த முனை மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். நடக்குறப்பவே ஒரு மாநிலம் தாண்டிட்டேன்னு பீத்திக்கலாம். கலங்கரை விளக்கமும் இருக்கு, பாறைக் கரையும் இருக்கு. மார்ச் மாசம் போனா தேன் பருந்துங்க சுமத்ராவுலேர்ந்து கடல் தாண்டி வர்றதையும் பாக்கலாம். கரையில வெயில் ஏறி சூடு காத்து மேல கெளம்புனா, அது மேல ஏறி வட்டம் போட்டு, றெக்கைய அடிக்காமலே போயிடுங்க. ஒரு மூட்டை கெடையாது, ஒரு பவர் பேங்க் கெடையாது. கிள்ளானுக்கு மட்டும் பழக வந்துடாத. நம்ம கடலோரம் பாக்காவ் மரக் காடும் சேறும். தண்ணி வத்துனா நாலு மீட்டர் எறங்கும். சப்பாத்து போனது போனதுதான், நண்டுக்குக் கல்யாணச் சீர்.

இப்ப முக்கியமான ஆளு, வழிகாட்டி. நமக்கெல்லாம் இந்த ஏற்பாடு புதுசா மாப்ள? கங்காணின்னு ஒருத்தர் இருந்தாரு. ஊர்ல ஆள் சேத்து, நாகப்பட்டினத்துல கப்பலேத்தி, இங்க போர்ட் சுவெட்டன்ஹாம்ல எறக்கி, தோட்டம் வரைக்கும் ஓட்டிட்டு வருவாரு. அந்தத் தொறைமுகத்துக்கு 1972-லதான் போர்ட் கிள்ளான்னு பேரு வந்துச்சு. ஒங்க தாத்தன் ராஜூலா கப்பல்ல வந்து எறங்குன எடமும் அதுதான். காலையில பெரட்டுக் களத்துல வரிசையா நிறுத்தி தல எண்ணுவாரு. வேலைக்கு எறங்குன தலைக்கு இத்தனன்னு கங்காணிக்குத் தலைக்காசு. 1938-ல இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புறத நிறுத்துன பெறகு அந்த ஆள் சேக்குற வேல அடங்குச்சு. இப்ப நீங்க பாருங்க, விடியுறதுக்கு முன்னால எழுப்பி, வரிசையா நிறுத்தி, தல எண்ணி, வெயில்ல ஓட்டிட்டுப் போறதுக்கு ஒரு ஆளு. ஒரே வித்தியாசம், அப்ப தலைக்காசு தொரை குடுத்தான், இப்ப தலைங்களே குடுக்குதுங்க. முன்னேற்றம்னா இதான்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காசுக்கு ஒனக்கு என்ன கெடைக்குதுன்னு தெரிஞ்சுக்க. கடலோர மணல் தட்டையா இருக்காது, கடல் பக்கமாச் சரிஞ்சிருக்கும். உகந்தையிலேர்ந்து தெக்க எறங்குறப்ப கடல் ஒனக்கு எடது கைப் பக்கம். மணிக்கணக்கா நடந்தா எடது கால் பள்ளத்துல, வலது கால் மேட்டுல. சாயங்காலம் இடுப்பு கணக்குக் கேக்கும். ஈர மணல் கெட்டியா இருக்குற பட்டையா பாத்து, எப்ப மணல்ல எறங்கணும், எப்ப காட்டுத் தடத்துக்கு ஏறணும்னு அந்த ஆளுக்குத் தெரியும். ஆடியில அங்க கச்சான் காத்து, நெலத்துப் பக்கமிருந்து அடுப்படி அனலாட்டம் அடிக்கும். வேர்வையே தெரியாது, அடிக்கிற காத்துலயே காஞ்சிடும், தண்ணி கொறையுறது மண்டைக்கு ஏறுனப்பதான் தெரியும். பத்து மணிக்கு மேல நெழல்ல உக்காருன்னு சொன்னா உக்காரு. கும்புக்கன் ஆத்துல எந்த எடத்துல எறங்கலாம், எந்த மடுவுல மொதலை இருக்கும், எந்தத் தண்ணிய குடிக்கலாம்னு அவரு சொல்லணும். காட்டுக் கதவையே வனஜீவராசித் திணைக்களம் திருவிழாவ ஒட்டித்தான் தொறக்கும். ஒன் லீவுக்கு ஏத்த மாதிரி முருகன் கொடியேத்த மாட்டாரு.

அதனால நடக்குறவனுக்கு முக்கியம் காலுன்னு நெனைக்காத. காது. நீ அதுல ரெண்டு பக்கமும் பாட்டுப் பொத்தான சொருகிக்கிட்டுப் போனேன்னு வையி, சருகுல யானை வர்ற சத்தமும் கேக்காது, நில்லுடான்னு கத்துற வழிகாட்டி சத்தமும் கேக்காது. யானைக்கு ஒன் பாட்டு கேக்காம இருக்குறது ஒண்ணுதான் லாபம். அங்க சனம் வாய்விட்டு 'அரோகரா' போட்டுக்கிட்டு நடக்கும். பக்திதான், இல்லேங்கல. ஆனா நாங்க வர்றோம், கொஞ்சம் ஒதுங்கிக்கப்பான்னு யானைக்கும் கரடிக்கும் சொல்ற மரியாதையும் அதுல இருக்கு.

இனி கூட்டாளிங்க. எந்தக் கூட்டத்துலயும் முன்னால ஓடுற ஒருத்தன் இருப்பான். ஒங்கள்ல அது நீதான்னு ஒங்கம்மா சொன்னா. ஓடு மாப்ள, நல்லா ஓடு. ஓடிப்போய் மரத்தடியில உக்காரு, பேரீச்சம்பழம் தின்னு, தண்ணி குடி, காலத் தேச்சுவிடு. அரமணி கழிச்சு கடைசி ஆளு, ஒங்க கூட்டத்துக் குண்டுப் பையனோ முழங்கால் வலிக்காரத் தங்கச்சியோ, நாக்கு வெளிய தள்ள வந்து சேருவாங்க. அவங்க வந்த ஒடனே, "வந்துட்டாங்கடா, கெளம்பலாம்"னு எந்திரி. ரெஸ்ட்டு தேவையில்லாதவனுக்கு அரமணி, தேவைப்பட்டவனுக்கு அரை நிமிசம். இப்புடி ரெண்டு நாள் செஞ்சா போதும், மூணாம் நாள் அந்தப் பிள்ளையத் தூக்கிட்டுப் போக நாலு பேரு வேணும். அந்த நாலு பேர்ல முன்கட்டைப் பிடிக்கிறது யாருன்னு நெனைக்கிற? வேகமா நடக்குறவன்தானே பலசாலி.

எங்க கூட்டத்துல வேல் எடுத்துட்டு முன்னால போன சாமி ஒரு சட்டம் வச்சிருந்தாரு. வேலைத் தாண்டி ஒருத்தரும் போகக்கூடாது. வேலுக்கு அடுத்து நடக்குறது கூட்டத்துலயே மெதுவா நடக்குற ஆளு. அந்த மட்டக்களப்பு ஆச்சியத்தான் அங்க விட்டிருந்தாரு. கடைசியில ஒரு தெடமான பையன். அவனுக்குப் பின்னால ஒருத்தரும் இருக்கக்கூடாது. உக்காந்து எந்திரிக்கிற நேரத்தையும் கடைசி ஆளு உக்காந்ததுலேர்ந்துதான் எண்ணுவாரு. நான் கொஞ்சம் எட்டு வச்சா, என் சகலை பின்னாலேர்ந்து, "ஓய், மெல்ல வாரும். கந்தன் எங்கயும் ஓடிப் போறாரில்ல"ம்பாரு. மெல்ல போன அந்தக் கூட்டம், எங்களுக்கு முன்னால குதிச்சுக் குதிச்சுப் போன கூட்டத்த ரெண்டாம் நாளே தாண்டிடுச்சு. அவங்க மரத்தடியில ஒரு ஆளோட கொப்புளத்தச் சுத்தி உக்காந்து மாநாடு போட்டுக்கிட்டு இருந்தாங்க.

இன்னொண்ணு, பட்டம் பதவியெல்லாம் வீட்டுலயே வச்சுட்டுப் போங்க. ஒங்க கூட்டத்துல ஒரு டத்தோ வர்றதா கேள்விப்பட்டேன். அங்க ஆம்பள பொம்பள எல்லாருக்கும் ஒரே பேரு, 'சாமி'. பேங்கு மேனேஜரும் சாமி, மீன் பிடிக்கிறவரும் சாமி. கஞ்சிக்கு வரிசையில நிக்குறப்ப முன்னால நிக்குற சாமியோட முதுகுதான் ஒனக்குத் தெரியும். டத்தோ சாமி வரிசைய வெட்டுனா, பின்னால நிக்குற ஆச்சி சாமி அகப்பையால வழி காட்டும். ஒங்க புரோட்டீன் கட்டி, எனர்ஜி ஜெல்லு எல்லாம் கொண்டு போறதுன்னா போங்க. மூணாம் நாள் அதக் குடுத்துட்டு ஒரு தொன்னை பருப்புச் சோறு வாங்க முடியுமான்னு பேரம் பேசுவீங்க. குடுக்க மாட்டாங்கன்னு நெனைக்காத, சும்மாவே குடுப்பாங்க. ஒங்க ஜெல்ல மட்டும் வாங்கிக்க மாட்டாங்க.

படம் எடுக்குற தம்பிக்குத் தனியா ஒரு சேதி. நாள் கணக்கா வெயில்ல வெந்து, மாணிக்க கங்கையில முங்கி எந்திரிச்சு, கதிர்காமத்துச் சந்நிதிக்கு முன்னால போய் நிப்பீங்க. அங்க செலையும் தெரியாது, அலங்காரமும் தெரியாது. தொங்குறது ஒரு திரை. தமிழனும் சிங்களவனும் பக்கத்துல பக்கத்துல நின்னு அந்தத் திரையத்தான் கும்புடுறாங்க. பத்துமலையில 42.7 மீட்டர் ஒசரத்துக்குத் தங்க வண்ணத்துல நிக்குற முருகனப் பாத்து வளந்த புள்ளைங்களுக்கு இது கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருக்கும். போனத் தூக்குன கை தானா எறங்கும். எறக்கி வச்சுட்டு, பக்கத்துல நிக்குற கூட்டாளி வந்துட்டானா, அதுக்கு அடுத்தவ வந்துட்டாளான்னு எண்ணு.

கடைசியா, திரும்பி வந்த பெறகு பேசுறதப் பத்தி. பிரிக்ஃபீல்ட்ஸ்ல இறங்குன ஒடனே வாழையெலைச் சாப்பாட்டுக் கடையில உக்காந்து, நான் யானையப் பாத்தேன், நான் ஆத்தக் கடந்தேன், நான் ஒரு நாளைக்கு இத்தன கிலோமீட்டர்னு ஆரம்பிப்பே. தாராளமா பேசு. கிள்ளானுக்கு வந்து எங்கிட்ட மட்டும் அந்தக் கணக்கக் காட்டாத. எனக்கு வேண்டிய கணக்கு ஒண்ணே ஒண்ணு, போன தல எத்தன, வந்த தல எத்தன. முழங்கால் வலிக்காரத் தங்கச்சி தன் காலால நடந்து கதிர்காமம் சேந்தாளா இல்ல டிராக்டர்ல வந்தாளான்னு அவளையே கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்லு. நடந்தே வந்தேன் மாமான்னு அவ சொல்லிட்டா, தெங்கு கெலானா ரோட்டுல ஒங்க கூட்டத்துக்கே ஆட்டுக்கறியோட எலைச் சாப்பாடு. பில்லு நீதான் கட்டணும் மாப்ள. நடக்குறதுக்கே காசு கட்டுனவன், உக்காந்து திங்குறதுக்கா யோசிக்கப் போறே?